சமோவாச் சிறுமிகளும் இரண்டு பேராசிரியர்களும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பிள்ளை வளர்ப்பு பற்றிய ஒரு பதிலில், "சமோவாத் தீவுப் பெண்களைப் பற்றி மார்கரெட் மீட் எழுதியதைப் படித்தால் பருவ வயது பற்றிய நம் எண்ணங்கள் கொஞ்சம் ஆட்டம் காணும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்து ஆசிரியரே அசந்துபோனார். பாதிப் பேர் "யார் அந்த அம்மா?" என்கிறார்கள். மீதிப் பேர் "அதுதான் பொய்யென்று நிரூபித்துவிட்டார்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். சரி, இந்த முறை முழுப் பக்கமும் பசிபிக் கடலில் இருக்கும் அந்தச் சமோவாவுக்கும், அங்கே போய் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் மீட்டுக்குமே.

மேடம், நான் பி.ஏ. சமூகவியல் முதலாண்டு. மார்கரெட் மீட் எதற்காகச் சமோவாவுக்குப் போனார்? பரீட்சைக்கு எழுதுகிற மாதிரி இல்லாமல் சொல்லுங்களேன்.
*கல்லூரி மாணவி, தாராபுரம்*

முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவள் நான். அந்த மாதிரி எழுத எனக்கும் கை வராது.

1904இல் ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் பருவ வயதைப் பற்றி இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார். அந்த வயதில் மனக்கொந்தளிப்பு வந்தே தீரும், அது உடம்போடு கூடவே வருவது என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் அப்போது பெற்றோர், ஆசிரியர், பாதிரியார் எல்லோரும் அதை நம்பினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் நடத்திக்கொண்டிருந்த ஃபிரான்ஸ் போவாஸுக்கு மட்டும் சந்தேகம். உடம்பு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வயதுக்கு வருகிறது. தவிப்பும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? இல்லையென்றால், தவிப்புக்குக் காரணம் வயதா, வளர்ப்பா? வேறொரு சமூகத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போனவர் அவருடைய மாணவி மீட். வயது 23. அதற்குமுன் வெளிநாட்டுக் கரையை மிதித்ததில்லை. அவருக்குப் பாலினீசியாவின் எட்டாத தீவு ஏதாவது வேண்டும். போவாஸுக்கோ, அமெரிக்கப் பழங்குடிகளிடம் போனால் போதாதா என்ற கவலை. கடைசியில் பேரம் படிந்தது: மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது கப்பல் வந்துபோகும் தீவாக இருந்தால் சரி. அப்படி அமைந்ததுதான் அமெரிக்கக் கடற்படையின் ஆளுகையில் இருந்த கிழக்குச் சமோவா. கப்பல் செலவை அவருடைய அப்பா கொடுத்தார்.

1925 ஆகஸ்ட் 31 அன்று துத்துயிலா தீவிலுள்ள பாங்கோ பாங்கோ துறைமுகத்தில் இறங்கினார். அங்கே ஒரு சமோவா நர்ஸ் தினமும் ஒரு மணி நேரம் மொழி சொல்லிக்கொடுத்தார். பிறகு வைதோங்கி என்ற ஊரில் ஒரு தலைவர் வீட்டில் சில நாள் தங்கி, எப்படி உட்காருவது, பெரியவர்கள் முன் எந்தச் சொல்லைச் சொல்வது என்று பழகிக்கொண்டார். நவம்பரில் மனுஆ தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த தாவூ தீவுக்குப் போனார். லூமா, சியூஃபாங்கா, ஃபலேஆசாவோ என்று அடுத்தடுத்து இருந்த மூன்று ஊர்கள். அவற்றில் எட்டு ஒன்பது வயதிலிருந்து பத்தொன்பது இருபது வயது வரை இருந்த பெண்கள் மொத்தம் 68 பேர். அவர்கள்தான் அவருடைய ஆராய்ச்சி.

'சமோவாவில் பருவமெய்துதல்' (Coming of Age in Samoa) என்ற அவருடைய நூல் 1928இல் வந்தது. பருவ வயதுத் தவிப்புக்குக் காரணம் வயதல்ல, வளர்ப்புதான் என்பது அதன் முடிவு. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதற்குக் கடைசி இரண்டு அத்தியாயங்கள் ஒரு காரணம்: "இதிலிருந்து அமெரிக்கர்களுக்கு என்ன தெரிகிறது?" என்று பதிப்பாளர் கேட்டதால் எழுதிச் சேர்த்தவை. நீ படிக்கப்போனால் அந்த இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள், மகளே. வகுப்பில் பலரும் அதை மட்டும் படித்துவிட்டு வந்து வாதாடுவார்கள்.

தனியாகப் போன சின்னப் பெண் அங்கே எங்கே தங்கினார்? பயம் இல்லையா?
*இல்லத்தரசி, விருத்தாசலம்*

லூமாவில் கடற்படையின் மருந்தகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் மனைவி மக்களோடு அங்கேயே குடியிருந்தார். அந்த வீட்டுப் பின்திண்ணையில் பாதியை மூங்கில் தட்டி வைத்து மறைத்து இவருக்குக் கொடுத்தார்கள். இதை வைத்தும் பின்னாளில் குறை சொன்னார்கள்: "ஊர்க்காரர் வீட்டில் தங்காமல் வெள்ளைக்காரர் வீட்டில் தங்கியவருக்கு என்ன தெரியும்?" என்று. எனக்கு அந்தக் குறை பாதி நியாயமாகத்தான் படுகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் தங்கினால் அந்த வீட்டுப் பெண்ணாகிவிடுவோம். அடுத்த வீட்டுச் சிறுமி வந்து மனம்விட்டுப் பேச மாட்டாள். இந்தத் திண்ணைக்கோ பொழுது விடிந்தது முதல் நடுராத்திரி வரை பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆடினார்கள், பாடினார்கள், தூங்கியும் விழுந்தார்கள்.

பயத்துக்கு வருகிறேன். 1926 ஜனவரி 1ஆம் தேதி பெரும் புயல் அடித்தது. மருந்தகத்துக் குடும்பமும் மீட்டும் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து உயிர் பிழைத்தார்கள். வெளியே வந்து பார்த்தால் ஊரில் பெரும்பாலான வீடுகள் இல்லை. அடுத்த சில வாரங்கள் தீவு முழுக்க ஓலை பின்னுவதும் வீடு கட்டுவதும்தான் வேலை. ஒரு ஆராய்ச்சியாளரோடு உட்கார்ந்து பேச யாருக்கு நேரம்? அவர் சமோவாவில் இருந்ததே எட்டு ஒன்பது மாதம். தாவூவில் ஏறக்குறைய ஐந்து மாதம். அதில் ஒரு துண்டைப் புயல் தின்றுவிட்டது. நூலைக் குறை சொல்ல வேண்டுமென்றால் இங்கிருந்துதான் நான் தொடங்குவேன்.

அம்மா, அந்த ஊரில் ஒரு பெண் குழந்தை எப்படி வளர்கிறது? வேலை, படிப்பு, விளையாட்டு எல்லாம் எப்படி?
*அங்கன்வாடி ஆசிரியை, சிவகாசி*

வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். சண்டையைப் பற்றி ஆயிரம் பேர் கேட்கிறார்கள். குழந்தையைப் பற்றிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். வட்டமான கூரை, சுற்றிலும் தூண்கள், சுவர் கிடையாது. மழை வந்தால் முடைந்த தென்னங்கீற்றுத் தட்டிகளை இறக்கிவிடுவார்கள். தரையில் பவளக்கற்களைப் பரப்பி மேலே பாய் விரித்திருக்கும். ஒரு குடும்பத்தில் பதினைந்து இருபது பேர்: மதாய் என்ற பட்டம் தாங்கிய தலைவர், அவருடைய உறவுகள், தத்து வந்தவர்கள், தங்க வந்து அப்படியே இருந்துவிட்டவர்கள். ஒரு குழந்தைக்கு அம்மா ஒருத்திதான், ஆனால் அதட்டுவதற்கும் வேலை ஏவுவதற்கும் பத்துப் பேர்.

பெண் குழந்தைக்கு ஆறு ஏழு வயதாகும்போது இடுப்பில் ஒரு கைக்குழந்தை ஏறிவிடும். தம்பி, தங்கை, சித்தி மகன், யாராவது. அதைத் தூக்கிக்கொண்டே திரிவாள், விளையாடுவதும் அதோடுதான். குழந்தை அழுது பெரியவர்கள் காதில் விழுந்தால் திட்டு இவளுக்கு. அதனால் குழந்தையை வழிக்குக் கொண்டுவரும் பொறுப்பும் இவள் தலையில். என்னென்ன சொல்லிக்கொடுப்பாள் என்று மீட் எழுதியிருப்பதைப் பாருங்கள்: வீட்டுக்குள் எழுந்து நிற்காதே, உட்கார் அல்லது தவழ். வெயிலில் போகாதே. பின்னுகிறவர்களின் இழையைச் சிக்கலாக்காதே. காயப்போட்ட தேங்காயைக் கலைக்காதே. ஆவா பானம் கலக்கும் கிண்ணத்தைத் தொடாதே. நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு இத்தனையும் கற்றுத்தரும் ஆசிரியைக்கு வயது ஏழு. அங்கன்வாடியில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பின்னல் இன்னொரு பள்ளிக்கூடம். முதலில் ஓலையில் பந்தும் காற்றாடியும் செய்வது. பிறகு கூடை. பிறகு தென்னங்கீற்றுத் தட்டி. அப்புறம் தாழை ஓலையில் பாய். எல்லாவற்றுக்கும் மேலே, துணிபோல மெல்லியதாகப் பின்னும் உயர்ந்த பாய் இருக்கிறது. அது ஒன்று முடிய ஒரு வருஷம் இரண்டு வருஷம்கூட ஆகும். கல்யாணம், சாவு, பட்டம் சூட்டுவது எதுவானாலும் கைமாறும் செல்வம் அதுதான். நாள் முழுக்க அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று யாரும் விரட்டவில்லை. சீக்கிரம் கற்றுக்கொண்டவளைத் தூக்கிவைத்து ஆடுவதும் கிடையாது. வயதுக்கு மீறி முந்திக்கொண்டு நிற்பவளைத்தான் அங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள். வகுப்பில் முதலிடம் வாங்கியே பழகிய மீட் இதை வியப்போடு எழுதுகிறார். எனக்குப் படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும்.

பெண் பெரியவளானதும் இடுப்புக் குழந்தை அடுத்த சிறுமிக்குப் போய்விடும். இது பெரிய விடுதலை. இனி தோட்டத்துக்குப் போய்ச் சேப்பங்கிழங்கு சுமந்து வருவது, கடல் வற்றும்போது பெண்களோடு பவளத்திட்டில் இறங்கி மீனும் நண்டும் பிடிப்பது, துணி வெளுப்பது. சோம்பிக் கிடக்கவும் நேரம் உண்டு.

அண்ணன் தங்கை விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடு மிகக் கடுமை. ஒன்பது பத்து வயதுக்குமேல் அவர்கள் ஒருவரையொருவர் தொடக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது, ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் காதில் விழும்படி ஆபாசப் பேச்சோ கேலியோ கூடாது. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்கும் இதே விதிதான். சுவரே இல்லாத வீட்டில் இப்படி ஒரு விதி இருந்தால், சின்ன வயதிலேயே யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண் சுற்றிக்கொண்டே இருக்கும்.

படிப்பு என்றால் பெரும்பாலும் பாதிரியார் பள்ளி. 1830இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் சமோவாவுக்கு வந்தார். மீட் போவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பு. ஆகவே மீட் பார்த்தது கிறிஸ்தவச் சமோவா. சில பெண்கள் உள்ளூர்ப் பாதிரியார் வீட்டிலேயே தங்கிப் படித்தார்கள். "கள்ளம் கபடமற்ற காட்டுப் பெண்கள்" என்று அட்டைப்படம் போட்டவர்கள் இந்தப் பகுதிக்குப் பக்கத்தைப் புரட்டவே இல்லை போலும்.

இன்னொன்று. பிறந்தநாளை அங்கே யாரும் கணக்கு வைப்பதில்லை. 68 பெண்களின் வயதையும் "இவள் பிறந்தபோது அவள் நடந்துகொண்டிருந்தாளா?" என்ற மாதிரி ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுத்தான் தேற வேண்டியிருந்தது. அது எவ்வளவு வேலை என்று கணக்கெடுப்புக்குப் போன உங்களுக்குத் தெரியும்.

நம்மைப்போல அங்கே மஞ்சள் நீராட்டு உண்டா?
*வாசகி, உசிலம்பட்டி*

மீட் பார்த்த ஊர்களில் அப்படி ஊரைக் கூட்டும் சடங்கு இல்லை. தாய்மாமன் சீர், பந்தல், பேனர் எதுவும் இல்லாமல்தான் பெண்கள் பெரியவர்களானார்கள். அவர் இதைக் குறித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உடம்பு மாறும் நாள் ஒரு பெண்ணின் வாழ்க்கையை இரண்டாக வெட்டவில்லை. இடுப்புக் குழந்தை இறங்கியதும், உடம்பில் வலு வந்து கனமான சுமை தூக்க முடிந்ததும்தான் அவளுக்குத் தெரிந்த மாற்றம்.

மேடம், சமோவாவில் கல்யாணத்துக்கு முன் எல்லாம் சர்வ சுதந்திரம் என்று ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தேன். உண்மையா?
*பொறியியல் மாணவர், கோவில்பட்டி*

தம்பி, அந்த வீடியோக்காரர் நூலின் பின்னிணைப்பைப் பார்க்கவில்லை. பருவ வயதுப் பெண்கள் 25 பேரைப் பற்றி மீட் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோருக்கு அந்த அனுபவமே கிடையாது. மீதிப் பேருக்கு உண்டு, அதை ஊர் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் அவர் சொன்னது. தலைவரின் மகளாக, ஊரின் கௌரவமாக வைக்கப்பட்டிருந்த தவுபோ என்ற பெண்ணுக்கு இந்த விட்டுக்கொடுப்பும் இல்லை. பழைய காலத்தில் அவள் கன்னித்தன்மையைத் திருமணத்தில் ஊரறியச் சோதித்தார்கள். மீட் போவதற்கு முன்பே அதைத் தடை செய்துவிட்டார்கள். இரவில் வீட்டுக்குள் தவழ்ந்து வந்து, தூங்குகிற பெண்ணிடம் அத்துமீறும் ஆண்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அதை அவர் கொஞ்சம் லேசாகவே எழுதியிருக்கிறார் என்பது என் வருத்தம். இன்று படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பக்கம் உறுத்தும்.

மேடம், ஃப்ரீமன் என்பவர் இந்த நூலைக் கிழித்தெறிந்துவிட்டார், அந்தப் பெண்களே "நாங்கள் சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம்" என்று ஒப்புக்கொண்டார்கள் என்று படித்தேன். பிறகும் இதைப் பாடமாக வைத்திருப்பது என்ன நியாயம்?
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி*

ஐயா, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

டெரெக் ஃப்ரீமன் நியூசிலாந்துக்காரர். 1940இல் ஆசிரியராக மேற்குச் சமோவாவுக்குப் போனார். மொழியை நன்றாகக் கற்றார். உபோலு தீவில் சாஆனாபு என்ற ஊரில் ஒரு குடும்பம் அவரைத் தன் பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டது. அறுபதுகளில் மறுபடியும் அங்கே போய் ஆராய்ந்தார். 1964இல் கான்பராவில் மீட்டை நேரிலும் சந்தித்துத் தன் மறுப்பைச் சொன்னார். ஆனால் அவருடைய நூல் 1983இல்தான் வந்தது. மீட் 1978லேயே இறந்துவிட்டார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. எங்கள் நூலகத்துக்குச் செய்தி வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் துறையில் இரண்டு கட்சிகள் உருவாகி, தேநீர் வேளையில் ஒரே மேசையில் உட்காராமல் போய்விட்டார்கள். சமோவாவை அந்த இரண்டு கட்சிக்காரர்களுமே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஃப்ரீமன் சொன்னவற்றில் சரக்கு உண்டு. சமோவா அமைதிப் பூங்கா அல்ல. அங்கே போட்டி உண்டு, அடி உண்டு, கன்னித்தன்மைக்கு மதிப்பு உண்டு, காவல் நிலையத்தில் வழக்குகள் உண்டு. இதையெல்லாம் மீட் அடக்கி வாசித்தார் என்பது சரியே. ஆனால் ஃப்ரீமன் காட்டிய ஆதாரங்களில் பெரும்பகுதி வேறு தீவு, வேறு ஆட்சி, பதினைந்து முதல் நாற்பது வருஷம் பிந்திய காலம். அவர் பேசிப் பழகியது பெரும்பாலும் பட்டம் பெற்ற ஆண்களோடு. ஊர்ப் பெரியவரிடம் போய் "உங்கள் பெண்கள் எப்படி?" என்று கேட்டால் எந்த ஊரிலும் என்ன பதில் வரும்?

1954இல் லோவெல் ஹோம்ஸ் என்பவர் தாவூவுக்கே போய் மறுபடி ஆராய்ந்தார். சில இடங்களில் மீட்டோடு முரண்பட்டார், ஆனால் மொத்தத்தில் அவர் வேலை நம்பத்தக்கது என்றார். அமெரிக்க மானிடவியல் சங்கமோ 1983இல் சிகாகோ மாநாட்டில் ஃப்ரீமனின் நூல் அறிவியலுக்குப் புறம்பானது என்று தீர்மானம் போட்டு வாக்கெடுத்தது. எனக்கு அது இன்றுவரை பிடிக்காத காரியம். ஒரு நூல் தவறென்றால் எழுதி மறுக்க வேண்டும்; கையைத் தூக்கி ஓட்டுப் போட இதென்ன பஞ்சாயத்துத் தேர்தலா?

இப்போது அந்த விளையாட்டுக் கதை. ஃபாஅபுவாஆ என்ற பெண்மணி மீட்டின் தோழி. 1926 மார்ச்சில் பக்கத்துத் தீவுகளான ஓஃபு, ஒலோசேங்காவுக்கு மீட் போனபோது இவரும் இன்னொரு தோழியும் கூடப் போனார்கள். 1987இல், எண்பது வயது தாண்டிய நிலையில், ஒரு ஆவணப்படத்துக்கான கேமரா முன் அவர் சொன்னார்: இரவில் எங்கே போகிறீர்கள் என்று மீட் கேட்டார், ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு, பையன்களோடு போகிறோம் என்று சும்மா சொன்னோம். ஃப்ரீமன் இதைப் பிடித்துக்கொண்டு 1999இல் இன்னொரு நூலே எழுதினார்.

ஐயா, இரண்டு விஷயம் பாருங்கள். ஃபாஅபுவாஆ பருவ வயதுச் சிறுமி அல்ல. மீட்டின் வயதை ஒத்தவர், அதோடு ஒரு தவுபோ. மீட்டின் பட்டியலில் இருந்த பெண்கள் வேறு, இவர் வேறு. அடுத்து, மீட்டின் களக் குறிப்புகள் பத்திரமாக வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. மார்ட்டின் ஓரன்ஸ் என்ற மானிடவியலாளர் அவற்றைத் தோண்டிப் படித்து 1996இல் எழுதினார். அவர் மீட்டின் ஆதரவாளர் அல்ல, மீட்டின் பெரிய முடிவுகள் சரியா தவறா என்று சோதிக்கவே முடியாத அளவுக்குத் தளர்வானவை என்று கடுமையாகச் சொன்னவர். அவரே, அந்தக் கிண்டலை நம்பி மீட் நூல் எழுதியதற்கு ஆதாரம் இல்லை என்கிறார். பால் ஷாங்க்மன் என்ற இன்னொரு மானிடவியலாளர், ஃபாஅபுவாஆவிடம் பின்னாளில் எடுத்த நேர்காணல்களையும் பார்த்தார். பதில்கள் முன்னுக்குப்பின் முரண்.

களத்தில் கிண்டல் செய்வார்கள் என்பது யாருக்குத் தெரியாது? நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் நான் கணக்கெடுத்தபோது, "வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்று ஒரு ஆயாவிடம் கேட்டேன். "எம்.ஜி.ஆர்." என்றார். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். புருஷன் பெயரைச் சொல்லாத ஊரில் வேறெப்படிப் பதில் வரும்? பெயர் பிறகு பேரனிடம் கிடைத்தது. மீட்டுக்கும் இந்த அளவு தெரிந்திருக்கும் என்று நம்புவதில் என்ன கஷ்டம்?

பாடத்தில் ஏன் வைத்திருக்கிறோம் என்றால், இந்தச் சண்டையோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம். என் மனக்குறை வேறு. ஃப்ரீமன் வந்தபிறகு எல்லோரும் "படுத்தார்களா இல்லையா" என்று மட்டும் பேசுகிறார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற அந்த ஏழு வயதுச் சிறுமி இரண்டு பேராசிரியர்களுக்கும் நடுவில் காணாமல் போய்விட்டாள். மீட் கண்டுபிடித்ததில் உறுதியாக நிற்பது அவளைப் பற்றிய பகுதிதான். அதை ஃப்ரீமனாலும் அசைக்க முடியவில்லை.

அப்படியானால் என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருப்பதற்கு நான்தான் காரணமா?
*ஒரு தாய், ஓசூர்*

அடடா, இல்லை. மீட் சொன்னதை அப்படிப் படிக்கக் கூடாது.

சமோவாவில் வீட்டில் மனக்கசப்பு என்றால் சிறுமிக்குப் போக வேறு வீடு இருந்தது. பெரியம்மா வீடு, மாமா வீடு, எங்கே போனாலும் பாயும் சாப்பாடும் உண்டு. ஒரு வேலையும் செய்யாமல் போய்விட முடியாது, ஆனால் கோபம் தணியும் வரை அங்கே இருக்கலாம். ஒரே அப்பா அம்மாவிடம் எல்லாப் பாசமும் எல்லாக் கோபமும் போய் முட்டாமல் இருந்ததற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம் என்றார். இதற்கு ஒரு விலையும் இருந்தது என்று அவரே எழுதுகிறார்: உறவுகள் ஆழமாகப் போவதில்லை, யாரையும் உயிருக்குயிராகப் பற்றிக்கொள்வதில்லை. இந்த இரண்டாவது பாதி சரிதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஐந்து மாதம் இருந்துவிட்டு ஒரு ஊரின் பாசத்தை அளந்துவிட முடியுமா?

மேலும், எல்லாப் பெண்களும் அங்கே சுகமாக வளர்ந்தார்கள் என்றும் அவர் சொல்லவில்லை. மனமோதலில் சிக்கிய பெண்களுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. திருடியவள், ஊரோடு சண்டை பிடித்தவள், பாதிரியார் வீட்டில் படித்துவிட்டு மற்றவர்களோடு ஒட்ட முடியாமல் போனவள் எல்லோரும் அதில் வருகிறார்கள். உங்கள் மகளுக்கு அதில் யாராவது ஒருத்தியைப் பிடித்துப்போகலாம். கோடை விடுமுறையில் அத்தை வீட்டுக்கு இரண்டு வாரம் அனுப்பிப் பாருங்கள். அதற்கு மானிடவியல் ஆதாரம் வேண்டியதில்லை.

தங்களைப் பற்றி எழுதியதைப் பற்றிச் சமோவா மக்கள் என்ன சொல்கிறார்கள்? மீட் திரும்பிப் போனாரா? இப்போது அந்தப் பெண்கள் நிலை என்ன?
*வங்கி ஊழியர், புதுச்சேரி*

பலருக்கு மீட் மேல் கோபம். படித்த சமோவா இளைஞர்களுக்கு, எங்கே போனாலும் "ஓ, அந்தச் சமோவாவா?" என்று ஒரு சிரிப்பு எதிர்ப்பட்டது. யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஃப்ரீமன் மேலும் பலருக்குக் கோபம். ஒருவர் எங்கள் பெண்களை ஒழுக்கமற்றவர்களாக்கினார், இன்னொருவர் எங்கள் ஆண்களை முரடர்களாக்கினார் என்று.

மீட் 1971இல் தாவூவுக்குப் போனார். அங்கே புதிதாக வந்த மின் நிலையத்தைத் திறந்து வைக்க அழைத்திருந்தார்கள். அதே தீவு 2016 முதல் ஏறக்குறைய முழுவதும் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. 5,328 தகடுகளும் டெஸ்லாவின் மின்கலங்களும் வைத்திருக்கிறார்கள். ஆட்கள்தான் குறைந்துவிட்டார்கள். இன்று தாவூவில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஹவாய், கலிஃபோர்னியா என்று போய்விட்டார்கள்.

மேற்குச் சமோவா வேறு நாடு, 1962இல் விடுதலை பெற்றது, இப்போது பெயர் சமோவா மட்டும். அங்கே 1990 வரை மதாய் பட்டம் உள்ளவர்களுக்குத்தான் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இருபதுகளின் தொடக்கத்திலேயே மதாய் பட்டத்துக்காகப் போராடி வாங்கிய ஃபியாமே நவோமி மதாஆஃபா 2021இல் அந்நாட்டின் முதல் பெண் பிரதமரானார். தோற்ற பிரதமர் பதவியை விட மறுத்து, நாடாளுமன்றக் கதவைப் பூட்டிவிட்டதால், வெளியே கூடாரம் போட்டுப் பதவி ஏற்க வேண்டியிருந்தது.

மீட்டுக்கும் நம் நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.
*போட்டித் தேர்வு எழுதுபவர், தர்மபுரி*

உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்பவர்களுக்கு யுனெஸ்கோ வழங்கும் கலிங்கா பரிசு 1970இல் மீட்டுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசுக்குப் பணம் கொடுத்து நிறுவியவர் ஒடிசாவின் பிஜு பட்நாயக். தேர்வில் கேட்டால் ஆண்டைத் தவறாமல் எழுதுங்கள். ஃப்ரீமன் பெயரைப் பக்கத்துத் தெரிவாகக் கொடுத்துக் குழப்புவார்கள்.